உடம்பு தூக்கிப் போடுவது ஏன்? வாசகர் கேள்விகளும் நரம்பியல் பதில்களும்

‘தூக்கிப் போடுது’, ‘துடிக்குது’, ‘நடுங்குது’, ‘இழுத்துப் பிடிக்குது’. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் இந்த நாலு சொல்லும் மாறி மாறி வருகின்றன. நாலும் ஒன்றல்ல. ‘தூக்கிப் போடுது’ என்பதைத்தான் கீழே துள்ளல் என்கிறேன், அதன் மருத்துவப் பெயர் மயோக்ளோனஸ். எந்தச் சொல் சரி என்று தெரிந்தாலே பல கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி: தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் பள்ளத்தில் விழுவதுபோல இருக்கிறது. உடனே உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டு விழித்துக்கொள்கிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பத்து நாளாகத் தினமும் இரண்டு மூன்று தடவை. இதயம் நின்று நின்று ஓடுகிறதா, டாக்டர்? வயது 29.

இல்லை. படபடப்பு முதலில் வருவதில்லை, துள்ளலுக்குப் பின்னால்தான் வருகிறது. யாராவது திடீரென்று முதுகில் தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அதே கதைதான். இங்கே தட்டியது உங்கள் மூளைத்தண்டு.

விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறுவது விளக்கை அணைப்பதுபோல ஒரே நொடியில் நடப்பதில்லை. தசைகள் தளர ஆரம்பிக்கும். விழிப்பைக் காக்கும் நரம்பு வலை இன்னும் முழுசாக ஓய்ந்திருக்காது. அந்த இடைவெளியில் மூளைத்தண்டிலிருந்து ஒரு கட்டளை தப்பித் தசைகளுக்கு ஓடிவிடுகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பத்தில் ஆறு ஏழு பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்திருக்கும். நோயல்ல, சோதனையும் தேவையில்லை.

ஆனால் தினமும் இரண்டு மூன்று என்றால் எதுவோ தூண்டுகிறது. முதல் சந்தேகம் தூக்கக் கடன், அடுத்தது காஃபின். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. மதியம் 2 மணிக்கு மேல் காபி, டீ, எனர்ஜி பானம் எதுவும் வேண்டாம். கடும் உடற்பயிற்சியைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்து பாருங்கள். ‘இன்றைக்கும் வருமோ’ என்று காத்துக்கொண்டு படுப்பதும் ஒரு தூண்டுதல்தான். அந்தக் காத்திருப்பே தூக்கத்தை மேலோட்டமாக்கி, துள்ளலுக்கு இன்னும் சில வாய்ப்புகளைக் கொடுக்கிறது.

பகலில், நன்றாக விழித்திருக்கும்போதும் இப்படித் தூக்கிப் போட்டால் இந்தப் பதில் பொருந்தாது. கீழே படியுங்கள்.

கேள்வி: கண் இமை துடிக்கிறது, தொடைச் சதை புழு நெளிவதுபோல ஓடுகிறது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி வைட்டமின் ஊசி போட்டார்கள். இதுவும் மயோக்ளோனஸா?

இல்லை. நரம்புத் தளர்ச்சி என்றொரு நோயும் மருத்துவத்தில் கிடையாது. எதற்கும் பொருந்துகிற பெயர் எதையும் விளக்காது.

மூட்டைப் பாருங்கள், சுலபமாகப் பிரிக்கலாம். தோலுக்கு அடியில் சதை நெளிகிறது, ஆனால் விரலோ முழங்காலோ நகரவில்லை என்றால் அது சதைத் துடிப்பு. ஒரு நரம்பிழை தன் பொறுப்பில் உள்ள சில தசை நார்களை மட்டும் சுண்டிவிடுகிறது. கை விசுக்கென்று நகர்ந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டால் அதுதான் துள்ளல், அதாவது மயோக்ளோனஸ். மூளைப் புறணியிலிருந்து கிளம்பும் துள்ளல் விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட நீடிக்காது. ஒரே சீராக, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடினால் நடுக்கம். கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால் தசைப்பிடிப்பு. செய்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் முன்னால் எழுந்து, கொஞ்ச நேரம் அடக்கவும் முடிந்தால் அது டிக். துள்ளலை அப்படி அடக்கிவைக்க முடியாது. அது வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

இமைத் துடிப்பு சில நாள், சில வாரத்தில் தானே போய்விடும். மூன்று மாதம் தாண்டினாலோ, அதே பக்கக் கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தாலோ முக நரம்பை ரத்தக்குழாய் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். தொடைத் துடிப்போடு பலவீனமும், சதை மெலிவதும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஊசியைப் பற்றி ஒன்று: குறைபாடு இருந்தால் வைட்டமின் உதவும். இல்லாதவருக்கு பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து பறந்துபோய் விழுகிறது. தலை வாரும்போது சீப்பும் அப்படித்தான். பரீட்சை நேரத்தில் அதிகம். பகலில் ஒன்றுமே இல்லை. கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தோம். போன வாரம் கண்விழித்துப் படித்த மறுநாள் காலை முழு வலிப்பே வந்துவிட்டது.

இனித் திட்டாதீர்கள். நீங்கள் எழுதிய ‘பறந்துபோய்’ என்ற சொல் முக்கியமானது. கை தளர்ந்து பொருள் நழுவுவது வேறு, தோளும் முழங்கையும் விசுக்கென்று சுருங்கிப் பொருளை வீசியெறிவது வேறு. உங்கள் மகளுக்கு நடப்பது இரண்டாவது. வயது, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வருவது, தூக்கம் கெட்டால் கூடுவது, கடைசியில் முழு வலிப்பு எல்லாம் சேர்ந்து இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பைக் காட்டுகின்றன. டீட்டர் யான்ஸ் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் 1957-இல் இதை விவரித்தார். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டும். அறிவுத்திறனுக்கு ஒரு குறையும் வராது.

இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதற்குக் காரணம் ஒன்றுதான். பெற்றோர் முழு வலிப்பை மட்டும் சொல்கிறார்கள், காலைத் துள்ளலை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அதனால் தவறான மருந்து தொடங்கப்படுகிறது. கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் போன்றவை வேறு வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்துகள், ஆனால் இந்தத் துள்ளலைக் கூட்டிவிடும். மாத்திரை ஆரம்பித்த பிறகு காலைத் துள்ளல் அதிகமானால், அளவு போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் மாத்திரையே சரிதானா என்று கேளுங்கள். குளோனசெபாம் மட்டும் கொடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. துள்ளல் அடங்கும், முழு வலிப்பு அடங்காமல் போகலாம். அப்போது முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வந்து நிற்கும்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையை முந்தைய இரவு தூக்கத்தைக் குறைத்துவிட்டு, காலையில், மினுக்கும் ஒளியோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து மத்தியானம் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. ஒரு இ.இ.ஜி. சரியாக வந்துவிட்டது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்தில் வால்ப்ரோயேட் மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் பெண்பிள்ளை என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: கர்ப்ப காலத்தில் இதை உட்கொண்டால் பிறக்கும் குழந்தைகளில் 10-இல் ஒன்றுக்கு உடற்குறை வரலாம். 10-இல் 3 அல்லது 4 குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் பிரச்சினை வரலாம். அதனால் இந்த வயதுப் பெண்களுக்கு லெவெடிரசெட்டாம் போன்ற மாற்றையே முதலில் பார்க்கிறோம். அதில் சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு வரும். முதல் சில வாரம் அவள் பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள். எந்த மருந்தானாலும் ‘ஒரு வருஷமாக வரவில்லையே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகையில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது.

மருந்துக்குச் சமமானது தூக்கம். பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழிப்பதைவிட நாலு மார்க் குறைவது மேல். குளியலறையை உள்ளே தாழிடவேண்டாம், தனியாக நீந்தவேண்டாம், வண்டி ஓட்டுவது பற்றி மருத்துவர் சொல்லும் வரை பேச்சே வேண்டாம்.

கேள்வி: பிறந்து 20 நாளான குழந்தை. தூங்கும்போது கை கால் படக் படக்கென்று துள்ளுகிறது. பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறாள். இது வலிப்பா?

எழுப்பிப் பாருங்கள். விழித்த கணமே துள்ளல் நின்றுவிட்டால், விழித்திருக்கும்போது ஒருமுறைகூட வராவிட்டால், இது பச்சிளங்குழந்தைகளின் தூக்கத் துள்ளலாகத்தான் இருக்கும். முதல் சில வாரத்தில் தொடங்கும், மூன்று மாதத்தில் பெரும்பாலும் போய்விடும், சிலருக்கு ஆறு மாதம் வரை இருக்கும். பிடித்தால் நிற்காது, சில குழந்தைகளுக்கு இன்னும் கூடும். தொட்டிலை ஆட்டினாலும் கூடும். இதை வலிப்பு என்று தவறாக நினைத்து மருந்து கொடுத்தால் துள்ளல் அதிகமாவதும் உண்டு. போனில் படம் எடுத்துக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், போதும்.

விழித்திருக்கும்போது கை கால் மெல்ல நடுங்கி, நீங்கள் பிடித்தால் நின்றுவிடுவது வேறு. ரத்தச் சர்க்கரை, கால்சியம் குறைவா என்று அன்றே பார்க்கவேண்டும்.

உங்கள் குழந்தைக்கு இப்போது பொருந்தாது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டியது இன்னொன்று உண்டு. 3 முதல் 12 மாதத்துக்குள், பெரும்பாலும் தூங்கி எழுந்தவுடன், குழந்தை திடீரென்று தலையைக் கவிழ்த்து, இரண்டு கையையும் விரித்து ஒன்றிரண்டு விநாடி மடங்கும். சில விநாடி விட்டு மறுபடி. இப்படிச் சரம் சரமாக வரும். நடுவில் அழும். பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்பார்கள், திடுக்கிட்டது என்பார்கள். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1841-இல் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து ‘லான்செட்’ இதழுக்குக் கடிதமாக எழுதினார். இன்றும் வெஸ்ட் நோய்க்கூட்டு என்பது அவர் பெயரால்தான். சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும், குப்புற விழுந்தது மறந்துபோகும். இதில் ஒவ்வொரு நாள் தாமதமும் மூளை வளர்ச்சியில் எதிரொலிக்கும். சந்தேகம் வந்தால் ஒரே நாளில் இ.இ.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஹார்மோன் மருந்தோ விகாபாட்ரினோ உடனே தொடங்கவேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. கால் எரிச்சலுக்குக் கபாபென்டின் 300 மி.கி. தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். நாலு நாளாக டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது, உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறார், கை துள்ளுகிறது. பக்கவாதமா?

இன்றே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரைப் பட்டை அத்தனையும் கையில் எடுத்துக்கொண்டு. பக்கவாதத்தை மருத்துவமனையில் நேரில் பார்த்துத்தான் விலக்க முடியும். ஆனால் இரண்டு கையிலும் இப்படி என்றால் முதல் சந்தேகம் மாத்திரைமேல்தான்.

கபாபென்டினை ஈரல் உடைப்பதில்லை. அது சிறுநீரில் மட்டுமே வெளியேறும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆறரை மணி நேரம். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் அதே வேலைக்குச் சுமார் 52 மணி நேரம். சிறுநீரே இறங்காத நிலையில், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் 132 மணி நேரம். 52 மணி நேரம் என்றே வைத்தாலும், காலையில் போட்டது பாதியாகக் குறைவதற்குள் அடுத்த ஆறு வேளை மேலே ஏறிவிடுகிறது. திறன் 15-க்கும் 29-க்கும் இடையே என்றால் நாள் முழுவதற்குமான அளவே 200 முதல் 700 மி.கி.தான், அதுவும் ஒரே வேளையாக. உங்கள் அப்பாவுக்கு 900 போகிறது. பிரிகாபலின், மார்ஃபின், செஃபெபிம் ஊசி ஆகியவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

டம்ளர் நழுவுவது தனி விஷயம். வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, யாரையோ ‘நில்’ என்று தடுப்பதுபோல மணிக்கட்டை மேலே மடக்கி அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை டப்பென்று தாழ்ந்து உடனே மேலே வந்தால், அங்கே தசை சுருங்கவில்லை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வேலையை நிறுத்திவிட்டது. ஆட்டம்போலத் தெரிந்தாலும் நடுக்கமல்ல. ஆடம்ஸ், ஃபோலி இருவரும் 1949-இல் ஈரல் நோயாளிகளிடம் விவரித்த அடையாளம் இது. சிறுநீரகம், ஈரல் கழிவு ஏறினாலும் வரும், மருந்து தேங்கினாலும் வரும். அதனால் யூரியா, கிரியாட்டினின், சோடியம், கால்சியம், மெக்னீசியம், சர்க்கரை, ஈரல் சோதனை எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

மாத்திரையை நீங்களாக அடியோடு நிறுத்தவேண்டாம். நாட்பட எடுத்தவர்களுக்குத் திடீர் நிறுத்தம் வலிப்பைக் கொண்டுவரலாம். எவ்வளவு குறைப்பது, டயாலிசிஸ் தேவையா என்பதை அன்றைய ரத்தச் சோதனை சொல்லும். கூப்பிட்டால் விழிக்காத நிலை, மூச்சு மெதுவாவது, குழப்பிப் பேசுவது என்றால் நேராக அவசரப் பிரிவு.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன். வலிக்கு டிரமடால் சேர்த்த மறுநாள் கால்கள் துள்ளுகின்றன, வியர்த்துக் கொட்டுகிறது, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு மருந்தும், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுபவை. சேர்ந்தால் அளவு மீறும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். துள்ளல், வியர்வை, பதற்றம் மூன்றும் ஏற்கனவே இருக்கின்றன. காய்ச்சல் ஏறினால் உயிராபத்து.

கேள்வி: என் கணவருக்கு இதயம் நின்று, உயிர்ப்பித்தார்கள். நினைவு தெளிவாகிவிட்டது. ஆனால் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை எகிறுகிறது. எழுந்து நின்றால் முழங்கால் மடிந்து விழப் பார்க்கிறார். சும்மா படுத்திருந்தால் ஒன்றுமில்லை. மனசு காரணம் என்கிறார்கள்.

மனசு அல்ல. மூளைக்குச் சில நிமிடம் ஆக்ஸிஜன் இல்லாமல் போனவர்களில் சிலருக்கு, நினைவு திரும்பிய பிறகு இப்படி வரும். லான்ஸ், ஆடம்ஸ் இருவரும் 1963-இல் நாலு நோயாளிகளை வைத்து விவரித்ததால் அவர்கள் பெயரே நிலைத்தது. ஓய்வில் அமைதி, செயலில் துள்ளல் என்பதுதான் இதன் முத்திரை. செயல் நுணுக்கமாக ஆக ஆகத் துள்ளலும் கூடும். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு நடிப்பதுபோலத் தெரிகிறது. முழங்கால் மடிவது, மேலே டம்ளர் நழுவுவதற்குச் சொன்னதுபோலத் தசை ஒரு கணம் வேலையை நிறுத்தும் வகை, இங்கே காலில் வருகிறது.

குளோனசெபாம், வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டாம், பிராசெட்டாம் ஆகியவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் பலன் கிடைக்கும். குளோனசெபாமை இரவில் 0.5 மி.கி. போன்ற சிறு அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். மயக்கம் தந்தால் விழும் ஆபத்து கூடும், அதனால் அவசரமாக ஏற்றக் கூடாது, திடீரென்று விடவும் கூடாது.

வீட்டில்: இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள, மூடி போட்ட, கொஞ்சம் கனமான கோப்பை. பாதிதான் நிரப்பவேண்டும், சூடாக வேண்டாம். குடிக்கும்போது இரண்டு முழங்கையும் மேஜைமேல் ஊன்றட்டும். குளியல் உட்கார்ந்து. எழுந்தவுடன் நடக்காமல், கைப்பிடியைப் பிடித்து நின்று பத்து எண்ணிவிட்டு முதல் அடி. பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், திடீர் சத்தமும் துள்ளலைக் கிளப்பும். மாதங்கள், வருடங்கள் போகப் போகப் பலருக்குக் குறைகிறது.

கேள்வி: விக்கலும் இந்த வகைதானாமே? இரண்டு நாளாக நிற்கவில்லை.

ஆமாம், உதரவிதானத்தின் துள்ளல். அது சுருங்கிய 35 மில்லி விநாடியில் குரல்வளை மூடிக்கொள்வதால்தான் அந்தச் சத்தம். 48 மணி நேரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். அமில எதிர்க்களிப்பு, ஸ்டீராய்டு மாத்திரை, சிறுநீரகப் பழுது, அரிதாக மூளைத்தண்டுப் பக்கவாதம் எல்லாம் காரணமாகலாம். தலைசுற்றல், விழுங்க முடியாமை, முகமரப்பு சேர்ந்தால் அவசரம். அமெரிக்காவின் சார்லஸ் ஆஸ்போர்ன் 1922 முதல் 1990 வரை விக்கினார், அவ்வளவு பொறுமை யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: ரத்தம் எடுக்கும்போது தம்பி மயங்கி விழுந்தான். விழுந்ததும் கை கால் உதறியது. வலிப்பு மாத்திரை ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். சாதாரண மயக்கத்திலும் மூளைக்கு ரத்தம் குறையும் சில விநாடியில் கை கால் உதறும். எண்ணிக்கை உதவும்: பத்துக்குக் குறைவான உதறல் மயக்கத்தின் பக்கம், இருபதுக்கு மேல் வலிப்பின் பக்கம். முகம் வெளுத்ததா, வியர்த்ததா, அரை நிமிடத்தில் தெளிவாகப் பேசினானா? அப்படியானால் மயக்கம்தான், ஒரு இ.சி.ஜி. மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியின் நடுவில் மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலோ இதயத்தை முழுமையாகச் சோதிக்கவேண்டும்.

கேள்வி: தூக்கத்தில் என் கால் விட்டு விட்டு உதைக்கிறதாம். மனைவி கடிகாரம் பார்த்தாளாம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை.

உங்கள் மனைவி கணக்கெடுத்ததே சோதனை மாதிரி. 20 முதல் 40 விநாடி இடைவெளியில் கட்டைவிரல் நிமிர்ந்து கணுக்கால் மடங்கினால் அது தூக்கத்தில் வரும் காலசைவு. துள்ளலைவிட மெதுவானது. படுத்தவுடன் கால் குறுகுறுத்து, எழுந்து நடந்தால் அடங்குகிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 75-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கேள்வி: மருத்துவரிடம் போனால் ஒன்றும் வருவதில்லை, வீட்டுக்கு வந்ததும் துள்ளுகிறது. என்னதான் செய்வது?

போனில் படம் எடுங்கள். நன்றாக எடுத்த ஒரு நிமிடப் படம் அரைமணி நேர விளக்கத்தைவிட மேல். வெளிச்சம் முகத்தில் விழட்டும், முழு உடம்பும் தெரியட்டும், போர்வையை விலக்குங்கள். முதலில் கையை மடியில் வைத்துச் சும்மா 20 விநாடி. பிறகு கையை நீட்டி 20 விநாடி. பிறகு ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொட்டு எதிரே உள்ளவர் விரலைத் தொடுவது, ஐந்து தடவை. ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கடைசியில், சொல்லாமல் ஒருமுறை கை தட்டுங்கள். படம் எடுப்பவர் நடுவில் பேசி, துள்ளும்போது பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், நினைவு இருக்கிறதா என்பது பதிவாகிவிடும்.

கூடவே ஒரு தாளில்: எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எந்தத் தேதியில் தொடங்கியது அல்லது கூட்டியது. துள்ளல் ஆரம்பித்த தேதியை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒட்டி நின்றால் ஸ்கேனுக்கு முன் அதைக் காட்டுங்கள்.